தரையில் ஒரு குஞ்சு கிடக்கிறது: அறிகுறி பார்த்து என்ன செய்வது?

அடிபட்ட, தாயைப் பிரிந்த உயிர்களைத் தேற்றும் என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பால் கொடுக்கலாமா?" இத்தனை ஆண்டுகளில் "கொடுங்கள்" என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அணில், குருவி, புறா, பூனைக்குட்டி என்று என் கைக்கு வந்து பிழைக்காமல் போனவற்றை எண்ணிப் பார்த்தால், அடிபட்டுச் செத்தவற்றுக்குச் சற்றும் குறையாத எண்ணிக்கையில், யாரோ அன்பாக வாயில் ஊற்றியதால் செத்தவையும் இருக்கின்றன. அதனால் இந்தக் குறிப்பு முழுவதிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் கதகதப்பு, பிறகு நீர்ச்சத்து, கடைசியில் உணவு.

உங்கள் முன்னால் கிடப்பது எந்த நிலையில் இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில் வரும். செலவும் சிக்கலும் பிடிக்கும் காரணம் கடைசியில் வரும்.

கீழே படிக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

இரத்தம் நிற்காமல் வருகிறது. எலும்பு வெளியே தெரிகிறது. பூனையோ நாயோ வாயில் கவ்வியிருந்தது. உடலில் ஈ முட்டையோ புழுவோ இருக்கிறது (ஈ முட்டை அரிசி நொய்போல வெள்ளையாகக் கொத்தாக ஒட்டியிருக்கும்). வலிப்பு வருகிறது. நிழலில் வைத்த பிறகும் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாய் வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

பெட்டி என்பது மூடியுள்ள அட்டைப்பெட்டி. விலங்கை உள்ளே வைக்கும் முன்பே காற்றுத் துளை போட்டுவிடுங்கள். வைத்த பிறகு குத்தினால் அந்தச் சத்தமே அதற்குப் பாதி உயிரைப் பறித்துவிடும். அடியில் நூல் பிரியாத பழைய பனியன் துணி போதும். பூந்துவாலை வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொள்ளும். கம்பிக் கூண்டில் பறவையை வைக்காதீர்கள்; மோதி மோதி இறகை முறித்துக்கொள்ளும்.

அறிகுறி 1: பறவைக் குஞ்சு தரையில் இருக்கிறது

எனக்கு வரும் அழைப்புகளில் மிக அதிகமானது இதுதான். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உதவியே தேவையில்லை.

இறகு முளைத்திருக்கிறது, வால் குட்டையாக இருக்கிறது, தத்தித் தத்தி நகர்கிறது

இது கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு அன்று. பறக்கப் பழகிக்கொண்டிருக்கும் குஞ்சு. பல இனங்களில் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிச் சில நாள்கள் தரையிலும் புதரிலும்தான் இருக்கும். தாயும் தந்தையும் அங்கேயே வந்து ஊட்டும். சோதிப்பது எளிது: விரலை நீட்டினால் பற்றிக்கொண்டு நிற்கிறதா? நிற்கிறது என்றால் பக்கத்துப் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ உட்காரவைத்துவிட்டு விலகுங்கள். அந்தப் பகுதியில் சுற்றும் பூனையையும் நாயையும் ஒரு நாள் கட்டிவையுங்கள். செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

விலகுவது என்றால் நிஜமாகவே விலகுவது. பத்தடி தள்ளி நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே "தாய் வரவே இல்லை" என்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நீங்கள் நிற்கும்வரை தாய் வராது. வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். தலைக்கு மேலே பெரிய பறவைகள் கத்திக்கொண்டு பாய்ந்தால், அவை குஞ்சைத் தாக்க வந்தவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெற்றவை உங்களைத்தான் விரட்டுகின்றன.

இறகில்லை, கண் மூடியிருக்கிறது, நிற்க முடியவில்லை

கூட்டில் இருக்க வேண்டியது. கூடு கண்ணுக்குத் தெரிந்து கைக்கும் எட்டினால் திரும்ப வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை மட்டுமே. பறவைகள் அப்படிச் செய்வதில்லை. கூடு கலைந்துபோயிருந்தால் சிறு கூடை அல்லது அடியில் துளையிட்ட கிண்ணத்தில் காய்ந்த புல் போட்டு, பழைய கூடு இருந்த இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், நிழலில், ஆடாமல் கட்டுங்கள். வைப்பதற்கு முன் குஞ்சைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் முதலில் சூடாக்க வேண்டும் (அறிகுறி 3). சில்லிட்ட குஞ்சு வாய் திறந்து கேட்காது. கேட்காத குஞ்சுக்குத் தாய் ஊட்டாது.

பகலில் இரண்டு மணி நேரம் பார்த்தும் பெற்றவை வரவில்லை என்றால் காட்டுயிர் மறுவாழ்வு செய்பவரை (தேற்றித் திரும்ப வெளியே விடுபவரை) அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இந்த வயதுக் குஞ்சுக்குப் பகல் முழுவதும் அரை மணிக்கு ஒருமுறை ஊட்ட வேண்டியிருக்கும். வேலைக்குப் போகிறவர்களால் முடிகிற காரியம் அன்று.

அதுவரை சொட்டு நீர்கூட அலகுக்குள் விடாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். ரொட்டியும் பாலும் எந்தக் குஞ்சுக்கும் ஆகாது. இன்னொன்று: புறாக் குஞ்சு மற்றவைபோல வாய் பிளந்து கேட்காது. தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்துத்தான் குடிக்கும். "வாயே திறக்க மாட்டேன் என்கிறது" என்று பலவந்தமாகத் திறந்து அலகை உடைத்துக் கொண்டுவந்தவர் உண்டு.

பஞ்சுபோன்ற ஆந்தைக் குஞ்சு

பல ஆந்தை இனங்களில் குஞ்சுகள் பறக்கும் முன்பே கிளைகளில் ஏறித் திரியும். விழுந்தாலும் அலகும் நகமும் கொண்டு மரத்தில் தொற்றி ஏறிவிடும். காயம் இல்லையென்றால் மரத்தடியில் விட்டுவிடுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் துண்டைப் போர்த்தி, கால்களைக் கவனித்துப் பிடியுங்கள். ஆந்தையின் ஆயுதம் அலகைவிடக் கால்நகம்தான்.

அறிகுறி 2: கண் திறக்காத அணில்பிள்ளை, அல்லது தனியாகப் பதுங்கியிருக்கும் முயல்குட்டி

முயல்குட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாய் முயல் நாளுக்கு ஓரிரு முறைதான் குட்டியிடம் வரும், அதுவும் பெரும்பாலும் அந்தியிலோ விடியலிலோ. மீதி நேரம் குட்டி தனியாக அசையாமல் கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு. காயமில்லாத குட்டியை எடுக்காதீர்கள்.

அணில் வேறு மாதிரி. மரம் வெட்டியபோது, கூரை பிரித்தபோது, காற்றடித்தபோது விழுந்திருக்கும். தாய் அணிலுக்குப் பெரும்பாலும் வேறு கூடும் இருக்கும். பிள்ளையைக் கவ்விக்கொண்டு அங்கே இடம் மாற்றப் பார்க்கும். அதற்கு வாய்ப்பு கொடுங்கள். மூடியில்லாத சிறு பெட்டியில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியுடன் பிள்ளையை வைத்து அதே மரத்தடியில் விடுங்கள். மேலே துணி மூட வேண்டாம். தாய் பார்க்கவும் கேட்கவும் முடிய வேண்டும். அணில் பகலில் நடமாடும் உயிர் என்பதால் இருட்டும்வரை காத்திருந்தால் போதும். இரவில் வெளியே விடாதீர்கள்.

எறும்பு மொய்த்திருந்தால் காத்திருக்காதீர்கள். ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். மூக்கு, காது, குறி, ஆசனவாய் நான்கையும் தவறாமல் பாருங்கள். கடைசி எறும்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தாய் வரவில்லை என்றால் காட்டுயிர் மறுவாழ்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பல நாடுகளில் காட்டுயிரை அனுமதியின்றி வீட்டில் வளர்ப்பது குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், தோளில் ஏறி விளையாடப் பழகிய அணில் வெளியே போய் முதலில் பார்க்கும் பூனையிடமும் நட்பாகத்தான் போகும்.

அறிகுறி 3: உடல் சில்லென்று இருக்கிறது, அசைவே இல்லை

செத்துவிட்டது என்று முடிவெடுக்க அவசரப்படாதீர்கள். குட்டி விலங்குகள் குளிரில் கல்போல ஆகிவிட்டுப் பிறகு மீண்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் அதன் வயிற்றை வைத்துப் பாருங்கள். உங்கள் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் ஆபத்தான நிலை. நனைந்திருந்தால் முதலில் துடையுங்கள். ஈரம் இருக்கும்வரை எந்தச் சூடும் தங்காது. பிறகு வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறு பாதி சாதாரணமாக இருக்கட்டும்; சூடு மிஞ்சினால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். நகரவே முடியாத குட்டி என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். வெந்நீர்ப் புட்டியில் எல்லாரும் மறப்பது ஒன்று: ஆறிய புட்டி சூடு கொடுக்காது, குட்டியிடமிருந்து சூட்டை உறிஞ்சும். ஆறும் முன் மாற்றுங்கள்.

சூடாக்குவது மெதுவாக, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் நடக்க வேண்டும். முடி உலர்த்தும் கருவியை முகத்துக்கு நேரே பிடிப்பது, வெந்நீரில் முக்குவது, விளக்கை ஓரடி தூரத்தில் எரியவிடுவது எல்லாம் வேண்டாம்.

சூடாகும்வரை உணவு கூடவே கூடாது. பூனைக்குட்டியின் உடல் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் குடல் இயங்குவதில்லை. உள்ளே போன பால் அங்கேயே கெட்டுப்போகும். பூனைக்குட்டியோ நாய்க்குட்டியோ தலை தொங்கித் துவண்டிருந்தால், சர்க்கரைக் கரைசலை விரல் நுனியில் தொட்டுப் பல் ஈறின் மேல் மட்டும் தடவலாம். விழுங்க வைக்கக் கூடாது, தடவினால் போதும்.

சூடேறி இரண்டு மணி நேரம் ஆகியும் தலை தூக்கவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் மருத்துவர் தோலுக்கடியில் நீர் ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டில் செய்ய முடியாது.

அறிகுறி 4: பூனைக்குட்டி கத்திக்கொண்டே இருக்கிறது

முதலில் இது கைவிடப்பட்ட குட்டிதானா என்று பாருங்கள். சுத்தமாக, குண்டாக, ஓரிடத்தில் சுருண்டு தூங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது. இரை தேடப் போயிருக்கிறது. அழுக்காக, ஒட்டிய வயிற்றுடன், ஓயாமல் கத்தும் குட்டிக்குத்தான் ஆள் தேவை.

எடுத்துவந்த பிறகும் கத்தினால் இந்த வரிசையில் பாருங்கள்.

குளிர். மேலே சொன்னதுதான். கத்தும் குட்டிகளில் பாதி, வெந்நீர்ப் புட்டி வைத்த பத்தாவது நிமிடம் அடங்கிவிடும்.

சிறுநீர். மூன்று வாரம்வரை குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கித்தான் தூண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மென்மையாகத் தட்டித் தட்டித் துடைப்பது. ஒவ்வொரு வேளை பாலுக்கு முன்பும் பின்பும். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. அடர் மஞ்சளாக இருந்தால் நீர்ச்சத்து போதவில்லை.

பசி. பசும்பால் வேண்டாம், கழிச்சல் பிடிக்கும். அந்த வயதில் ஒரு நாள் கழிச்சலே உயிருக்கு ஆபத்து. பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடரை அதன் உறையில் சொன்ன அளவில் கரைத்து, உடல் சூட்டில் கொடுங்கள். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிலிட்டர் என்ற அளவைத் தாண்டாதீர்கள். குட்டி வயிறு கீழே இருக்கும்படி, தாயிடம் குடிப்பதுபோலவே படுத்திருக்க வேண்டும். மனிதக் குழந்தையைப்போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போகும்.

தெள்ளுப்பூச்சி. பல் ஈறைப் பாருங்கள். வெளிறிக் கிடந்தால் பூச்சிகள் இரத்தம் குடித்திருக்கின்றன. சின்னக் குட்டிக்கு இதுவே உயிரைப் பறிக்கும். பூச்சி மருந்து எதுவும் வேண்டாம். மென்மையான பாத்திரச் சோப்பில் விரைவாகக் கழுவி, பல் நெருக்கமான சீப்பால் வாரி, உடனே முழுவதும் உலர்த்திச் சூடாக்குங்கள். நாய்களுக்கான உண்ணி மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனைக்கு நஞ்சு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமாலும் அப்படியே: ஒரே மாத்திரை வளர்ந்த பூனையையே கொல்லும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கத்தினால், மருத்துவர்.

குடிக்கும்போது மூக்கில் பால் வருகிறது

ரப்பர்க் காம்பின் துளை பெரிது, அல்லது சிரிஞ்சை வேகமாக அழுத்துகிறீர்கள். உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தி மூக்கைத் துடையுங்கள். அதன் பிறகு ஓரிரு நாளில் மூச்சில் 'க்ளிக்' என்ற சத்தமோ சளிச் சத்தமோ கேட்டால் நுரையீரலில் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே மருந்து வேண்டும். எல்லாருக்கும் ஒருமுறை மூக்கில் வந்துவிடும், எனக்கும் வந்திருக்கிறது. தொடர்ந்து வந்தால் மேல் அண்ணம் பிளந்திருக்கிறதா என்று வாயைத் திறந்து பாருங்கள்.

எடை ஏறவில்லை

சமையலறைத் தராசு ஒன்று போதும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் நின்றால் கவனம். எடை குறைந்தால் அன்றே மருத்துவர். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் குட்டி எடையில் இறங்கிக்கொண்டிருக்கும்; தராசு முதலில் சொல்லிவிடும்.

அறிகுறி 5: வளர்ந்த பறவை ஒன்று தரையில் மயங்கி உட்கார்ந்திருக்கிறது

அண்ணாந்து பாருங்கள். மேலே கண்ணாடி ஜன்னல் இருக்கிறதா? மோதியிருக்கிறது. மூடிய பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். நீர் வேண்டாம், உணவு வேண்டாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் வேண்டாம். பிறகு வெளியே கொண்டுபோய்த் தரையில் வைத்துப் பெட்டியைத் திறங்கள். பறந்தால் பறக்கட்டும். வானத்தில் தூக்கி எறிந்து சோதிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூளை கலங்கிய பறவை கல்போலக் கீழே வரும். திறந்தும் போகவில்லை, ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கிறது, அலகில் இரத்தம் என்றால் மருத்துவர்.

கண்ணாடி இல்லை, வெயில் கொளுத்துகிறது, அலகு திறந்து இறக்கை தளர்ந்திருக்கிறது: வெப்பம். நிழலுக்கு மாற்றி, கால்களை மட்டும் சாதாரண நீரில் நனைத்து, ஆழமில்லாத தட்டில் நீரை அருகில் வையுங்கள். அது தானாகக் குடிக்க வேண்டும். பனிக்கட்டி நீர் வேண்டாம். குளிர்ந்த இடத்தில் அரை மணி நேரம் இருந்தும் அலகு மூடவில்லை என்றால் காரணம் வெயில் அன்று. உள்ளே அடி அல்லது நோய்.

நீண்ட இறக்கையும் மிகக் குட்டையான கால்களும் கொண்ட உழவாரன் என்றால் ஒன்றுமே ஆகாமல்கூடத் தரையில் கிடக்கலாம். தரையிலிருந்து எழும்ப அதற்குச் சிரமம். விரித்த உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள், தானாகப் போய்விடும்.

ஒரே இடத்தில் பல பறவைகள் விழுந்து கிடக்கின்றன என்றால் தொடாதீர்கள். நஞ்சு, பொட்டுலிசம் (பாக்டீரியா நஞ்சால் உடல் செயலிழப்பது), பறவைக் காய்ச்சல் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லுங்கள்.

அறிகுறி 6: காயம் எதுவும் தெரியவில்லை, ஆனால் பூனை வாயில் இருந்தது

தலைப்பு சிறியது, ஆனால் நான் அதிகம் சண்டை போடுவது இதற்குத்தான். "ஒன்றும் ஆகவில்லை, பறக்கவிட்டுவிட்டேன்" என்பார்கள். பூனைப் பல் ஊசிபோல. துளையை இறகும் முடியும் மறைத்துவிடும். பூனை வாயில் இயல்பாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். இதில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

அறிகுறி 7: ஒரு இறக்கை தொங்குகிறது

தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம், எலும்பு முறிவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து நாம் பிரித்தறிய முடியாது, நானும் முயல்வதில்லை. குச்சி வைத்துக் கட்டாதீர்கள். பெட்டி சிறியதாக இருந்தால் அதுவே கட்டு. துள்ளுகிறது என்றால் இறக்கையை இயல்பாக மடக்கிய நிலையில் உடலோடு சேர்த்துத் துணியால் தளர்வாகச் சுற்றலாம். மார்பை இறுக்கக் கூடாது. பறவை மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சுவிடும்.

நாள் கடத்தாதீர்கள். பறவை எலும்பு இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும், கோணலாக இருந்தாலும் கோணலாகவே. கொக்கு, நாரை இனங்களைத் தூக்கும்போது அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவை குறிபார்ப்பது உங்கள் கண்ணை.

அறிகுறி 8: புறாவின் கழுத்து திருகிக்கொண்டிருக்கிறது

பார்க்கப் பயமாக இருக்கும். தலை தலைகீழாகக்கூடத் திரும்பியிருக்கும். தலையில் அடிபட்டிருந்தால் சில நாளில் தேறும். புறாக்களுக்கு வரும் பாராமிக்ஸோ வைரஸ் என்றால் பல வாரம் ஆகும்; எச்சம் நீர்போல இருக்கும், தானியத்தைக் கொத்தும்போது குறி தவறும்.

இரண்டுக்கும் வீட்டில் செய்வது ஒன்றே. மற்றப் புறாக்களிடமிருந்து பிரித்து, இருட்டான அமைதியான பெட்டியில் வைத்து, ஆழமான கிண்ணம் நிறையத் தானியம் வையுங்கள். தட்டையான தட்டில் சிதறிய மணியை அதனால் குறிபார்க்க முடியாது. ஆழக் கிண்ணத்தில் எங்கே கொத்தினாலும் வாயில் ஏதாவது சிக்கும். நீரும் அப்படியே. தொட்ட பிறகு கை கழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். தானாகத் தின்னவே முடியவில்லை, மார்பெலும்பு கத்திபோலத் துருத்துகிறது என்றால் மருத்துவரிடம் போய்க் குழாய் வழியாக உணவு கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அறிகுறி 9: நூலில் சிக்கியது, பசை அட்டையில் ஒட்டியது

நூலை இழுக்காதீர்கள். ஒரு கையால் பறவையின் உடலையும் இறக்கைகளையும் துணியோடு பிடித்து, இரண்டு பக்கமும் வெட்டி இறக்குங்கள். தோலுக்குள் புதைந்த பகுதியை மருத்துவருக்கு விட்டுவிடுங்கள். கண்ணாடித்தூள் பூசிய நூல் என்றால் வெளியே கீறல், உள்ளே தசைநார் வரை வெட்டு. சிக்கலிலிருந்து விடுபட்டதும் பறந்துவிட்டால் மகிழ்ச்சி என்று விடவும் முடியாது: நூல் இறுக்கிய இடம் பின்னர் வீங்கும். ஒரு நாளாவது வைத்துப் பாருங்கள்.

எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டியிருந்தால், மீதிப் பசைப் பரப்பின் மேல் முதலில் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். அது மேலும் துடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். பிறகு அட்டையோடு சேர்த்தே மருத்துவரிடம் எடுத்துச் செல்வதுதான் முதல் வழி. யாருமே கிடைக்கவில்லை என்றால் சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பிரிக்கலாம். மூக்கு, வாய் பக்கம் எண்ணெய் போகக் கூடாது. மண்ணெண்ணெய், தின்னர் கூடவே கூடாது. எண்ணெய் பட்ட பறவையை உடனே விடாதீர்கள். அந்த இறகு குளிரையும் நீரையும் தாங்காது. கழுவித் தேற்ற நாளாகும்.

அறிகுறி 10: தெருவில் கிடக்கும் நாய்க்குட்டி துவண்டிருக்கிறது

ஈறு வெளிறியிருக்கிறது, வயிறு மட்டும் பானைபோல: குடற்புழு. மலிவாகத் தீரும். எடைக்கேற்ற மருந்தை மருத்துவர் சொல்லி வாங்குங்கள்.

வாந்தி, கெட்ட வாடையுடன் இரத்தக் கழிச்சல், எதையும் தொடவில்லை: பார்வோ (நாய்க்குட்டியின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றே நீர் ஏற்ற வேண்டும். காலையில் பார்க்கலாம் என்றால் காலையில் குட்டி இருக்காது. உங்கள் வீட்டில் தடுப்பூசி போடாத நாய் இருந்தால் இதை உள்ளே கொண்டுபோகாதீர்கள். அந்த வைரஸ் தரையில் பல மாதம் உயிரோடிருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து கழுவினால்தான் போகும்.

புண்ணில் புழு: டர்பன்டைன், பினாயில், மண்ணெண்ணெய் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். புழு சாகும், கூடவே சதையும் வேகும். பினாயில் பூனைக்கு நஞ்சு. சுற்றியுள்ள முடியை வெட்டி, உப்புக் கரைசலால் கழுவி, தெரியும் புழுவை இடுக்கியால் எடுத்து, மீதியை மருத்துவர் பார்க்கும்படி மெல்லிய துணியால் மூடிக் கொண்டுபோங்கள்.

நடை தள்ளாடுகிறது, எச்சில் வழிகிறது, குரல் மாறியிருக்கிறது, காரணமில்லாமல் பாய்கிறது: பிடிக்காதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். பயிற்சி பெற்ற, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் வர வேண்டும்.

அறிகுறி 11: வௌவால் தரையில் கிடக்கிறது

வெறுங்கையால் தொடாதீர்கள். இதில் விதிவிலக்கே இல்லை. தடித்த தோல் கையுறையோடு, அல்லது மேலே பெட்டியைக் கவிழ்த்து அடியில் அட்டையைச் செருகி எடுங்கள். பல வௌவால் இனங்களால் தரையிலிருந்து எழும்ப முடியாது, அதனாலேயே அது அங்கே கிடக்கலாம். பெட்டிக்குள் துணியொன்றைத் தொங்கவிட்டால் பற்றிக்கொள்ளும். இருட்டியதும் மரத்தண்டில் ஆள் உயரத்துக்கு மேலே பெட்டியைச் சாய்த்து வைத்தால் ஏறிப் பறந்துவிடும். பகலில் தரையில் தவழ்கிறது, இறக்கைத் தோல் கிழிந்திருக்கிறது, இறந்த தாயின் மேல் குட்டி ஒட்டியிருக்கிறது என்றால் மறுவாழ்வாளரை அழையுங்கள்.

கடித்தது உங்களை என்றால்

விலங்கைக் கீழே வையுங்கள். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள்; கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நாம் நினைக்கும் 15 நிமிடம் உண்மையில் இரண்டு நிமிடம்தான். கட்டு இறுக்காதீர்கள், மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போய் வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். கடித்த நாயையோ பூனையையோ பத்து நாள் கவனிக்கும் முறை உண்டு. அந்தப் பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. வௌவால் கடி தோலில் தெரியாமலேயே போகலாம், ஆகவே வெறுங்கையால் தொட்டிருந்தாலே போய்க் கேளுங்கள்.

இரவு பதினொரு மணி, யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். கதகதப்பும் இருட்டும் சத்தமின்மையும் இருந்தால் பெரும்பாலானவை காலைவரை தாங்கும். பாலூட்டிக் குட்டி சூடேறி, தானாக விழுங்குகிறது என்றால் ஓஆர்எஸ் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சில் உதட்டோரம் துளித்துளியாக வைக்கலாம். பறவைக்கு அதுவும் வேண்டாம். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். குழந்தைகளும் வளர்ப்பு நாயும் இல்லாத அறையில் பெட்டியை வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

படுக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள்: எந்த இடத்தில், எந்த மரத்தடியில் கிடைத்தது; எத்தனை மணிக்கு; என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு; அப்போது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது. பால் ஊற்றிவிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். மருத்துவர் திட்டமாட்டார், தெரியாமல் போனால்தான் தவறான மருந்து கொடுப்பார். முதல் வரி மிக முக்கியம்: தேறிய பிறகு அதை விட வேண்டிய இடம் அதே மரத்தடி.